கேட்டவருக்குத் தெரியும், பேசியவருக்குத் தெரியாது

பெங்களூர் அல்சூரில் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் என் சித்தப்பா இருக்கிறார். தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், பி.எஸ்.என்.எல். என்ற பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே வேலைக்குச் சேர்ந்தவர். போன மாதம் போயிருந்தபோது ஓசூர்ப் பக்கம் ஐந்து சென்ட் இடம் ஒன்றைப் பற்றித் தரகரிடம் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு விலைக்கு வந்ததும் குரல் இறங்கியது. "இருப்பா, நார்மல் கால்ல வேணாம், வாட்ஸ்அப்ல வர்றேன்" என்று துண்டித்துவிட்டு மறுபடி போட்டார். ஐந்து சென்ட் நிலத்துக்கு எந்த சர்க்கார் காது கொடுத்துக் கேட்கப் போகிறது என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதடா. கம்பத்துல ஏறி நானே கேட்டிருக்கேன். டெஸ்ட் போன்ல இருக்கிற ரெண்டு கிளிப்பை மாட்டினா ஊர்க்கதை பூரா காதுல விழும். லைன் சரியா இருக்கான்னு பாக்கத்தான் மாட்டுவோம், ஆனா காதை மூடிக்க முடியுமா?"

பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்று சொல்லி வளர்த்த தலைமுறை, அவரைத் திருத்த முடியாது. ஆனால் அவர் பயப்படுகிற விஷயமும் உண்மையில் பயப்பட வேண்டிய விஷயமும் ஒன்றல்ல. ஒரு செல்போன் கம்பெனியின் பெங்களூர் அலுவலகத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன் நான். பில்லிங் பிரிவுதான். ஆனால் என் மேசைக்கு நேர் எதிரே, போனை ஒட்டுக்கேட்கச் சொல்லி வரும் அரசு உத்தரவுகளைக் கவனிக்கும் நோடல் ஆபீசர் அறை. அந்த அறைக்குத் தனிப் பூட்டு, தனி அட்டை, உள்ளே போகிறவர்கள் போனை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கக் கூடாது என்பது எழுதப்படாத விதி, நாங்களும் கேட்டதில்லை. வேலையை விட்ட பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். அதில் புரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு மூடநம்பிக்கையைத் தீர்த்துவிடுவோம். பேசும்போது கரகரவென்று சத்தம் வந்தால், எதிரொலி கேட்டால், 'டிக்' என்றால் டேப் பண்ணுகிறார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். கிளிப் மாட்டிய காலத்தில் அது உண்மையாக இருந்திருக்கலாம். இப்போது அழைப்புகளை இணைத்துவிடும் கம்பெனியின் ஸ்விட்ச் கருவியிலேயே உங்கள் எண்ணைக் குறித்துவிட்டால் அழைப்பின் பிரதி ஒன்று தானாகப் பிரிந்து, ஒட்டுக்கேட்கிற அரசு ஏஜென்சிக்குப் போய்விடும். சத்தமும் வராது, தாமதமும் ஆகாது. டவர் சரியில்லாமல் கரகரத்தால் அது வெறும் டவர் கோளாறுதான்.

முன்பு அந்த எண்ணைக் குறிக்கும் வேலையைச் செய்தவர் எதிர் அறைக்காரர்தான், அதாவது நோடல் ஆபீசர். உத்தரவு வரும், சரிபார்ப்பார், போடுவார், பதினைந்து நாளுக்கு ஒரு முறை "இன்னின்ன உத்தரவு வந்தது, எல்லாம் நீங்கள் அனுப்பியதுதானா" என்று ஏஜென்சிக்குப் பட்டியல் அனுப்பி உறுதி வாங்க வேண்டும். அப்புறம் சி.எம்.எஸ். என்று சொல்லப்படும் மையக் கண்காணிப்பு ஏற்பாடு வந்தது. உருவாக்கியது மத்திய அரசின் சி-டாட் நிறுவனம். அதன் பெங்களூர் வளாகம் எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறது, ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிற நம் ஆட்கள் பாதிப் பேர் அந்தப் பக்கம்தான் இறங்குகிறார்கள். இந்த ஏற்பாட்டில் கம்பெனி ஆள் யாரும் கை வைக்கத் தேவையில்லை, அரசுத் தரப்பே நேரடியாக எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். கம்பெனி ஊழியர்களுக்கே தெரியாது என்பதால் ரகசியம் இன்னும் பத்திரமாக இருக்கும் என்பது அரசு சொன்ன காரணம். அது பொய்யில்லை. ஆனால் "இந்த உத்தரவில் என்னமோ சரியில்லையே" என்று நிறுத்திக் கேட்கக்கூடிய ஒரு மனிதரும் அந்த வரிசையிலிருந்து போய்விட்டார் என்பதும் உண்மை.

அந்த மனிதர் எப்போதும் கேட்டாரா என்றால், அதுவும் இல்லை. அரசியல்வாதி அமர் சிங் போன் விவகாரம் நினைவிருக்கலாம். 2005-இல் டெல்லியில் போலிக் கடிதம் தயாரித்து அவருடைய போனை ஒட்டுக்கேட்க வைத்தார்கள். வழக்கு 2011-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. மனுதாரர் முழு உண்மையைச் சொல்லவில்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்தார்கள், அது வேறு கதை. ஆனால் அந்தக் கடிதம் முழுக்கப் பிழைகள், அதைப் பார்த்தபோதே கம்பெனிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா என்று நீதிமன்றம் கேட்டது. எழுத்துப் பிழையோடு வந்த ஒரு காகிதம், ஒரு மனிதரின் பேச்சு முழுவதும் வேறு யார் கைக்கோ போய்விட்டது.

சரி, சட்டத்துக்கு வருவோம். இந்தியாவில் டேப்பிங்கின் மூலப்பத்திரம் 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டம், அதில் 5(2) என்ற பிரிவு. வெள்ளைக்காரன் தந்திக்காக எழுதியதை நாம் தரைவழிப் போன், பேஜர், செல்போன் என்று நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டினோம். 2013 ஜூலையில் தந்தி சேவையே மூடப்பட்டது, தந்திச் சட்டம் மட்டும் தெம்பாக இருந்தது. 2023 டிசம்பரில்தான் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஒட்டுக்கேட்புக்கான 20(2) பிரிவு 2024 ஜூன் 26-இல் நடைமுறைக்கு வந்தது, அதற்கான விதிகள் அதே வருஷம் டிசம்பர் 6-இல்.

புதுச் சட்டம் என்றதும் ஆவலோடு திறந்து பார்த்தேன். பழைய வாசகம் ஏறக்குறைய அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பொது நெருக்கடி இருக்க வேண்டும், அல்லது பொதுமக்கள் பாதுகாப்புக்காக இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இருந்தால்தான் கதவே திறக்கும். அதற்கப்புறம், நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு உறவு, பொது ஒழுங்கு, குற்றம் செய்யத் தூண்டுவதைத் தடுப்பது என்ற காரணங்களில் ஒன்றை எழுத்தில் காட்ட வேண்டும். இரண்டு படி. முதல் படி ஏறாமல் இரண்டாவதில் கால் வைக்க முடியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய சண்டையே இந்த முதல் படி மேல்தான்.

(கடிதங்களுக்கும் இதே கதை உண்டு. 1986-இல் ராஜீவ் காந்தி அரசு தபால்களைப் பிரிக்க அதிகாரம் தரும் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை, மேசையிலேயே வைத்துக்கொண்டார். மசோதா கடைசிவரை சட்டமாகவில்லை. 2023-இல் வந்த புது அஞ்சலகச் சட்டத்தில் கடிதங்களை இடைமறிக்கும் அதிகாரம் இருக்கிறது. பெரிதாக யாரும் கவனிக்கவில்லை, கடிதம் எழுதுகிறவர்தான் யார் இருக்கிறார்கள்.)

ஒட்டுக்கேட்பால் ஆட்சியே மாறிய ஊர் பெங்களூர். 1988 ஆகஸ்ட்டில் முதலமைச்சர் ராமகிருஷ்ண ஹெக்டே, அரசியல்வாதிகள், தொழிலதிபர்கள் போன்களை மாநிலக் காவல்துறை ஒட்டுக்கேட்டது என்ற புகாரில் தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அவருக்குப் பிறகு வந்தவர் எஸ்.ஆர். பொம்மை, அவர் ஆட்சி கலைக்கப்பட்டுத்தான், மாநில ஆட்சியைக் கலைக்கும் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய புகழ்பெற்ற பொம்மை வழக்கு உண்டானது. மறுபடி 2019-இல் கர்நாடகத்தில் ஒரு ஆட்சி போய் அடுத்த ஆட்சி வந்ததும், முந்தைய ஆட்சியில் போன்கள் ஒட்டுக்கேட்கப்பட்டன என்ற புகாரை சி.பி.ஐ.யிடம் கொடுத்தார்கள். இதையெல்லாம் பார்த்தால் ஒன்று தெரியும். இந்த நாட்டில் டேப்பிங் வெளியே வருவது பெரும்பாலும் ஆட்சி மாறும்போதுதான், பாதிக்கப்பட்டவருக்குத் தெரியவந்து அல்ல.

1991-இல் அரசியல்வாதிகளின் போன்கள் ஒட்டுக்கேட்கப்பட்டது பற்றி சி.பி.ஐ. கொடுத்த அறிக்கை ஒரு பத்திரிகையில் வெளியானது, அதை வைத்துத்தான் பி.யு.சி.எல். என்ற மக்கள் உரிமை அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 1996 டிசம்பர் 18-இல் தீர்ப்பு. போன் பேச்சு ஒருவரின் அந்தரங்கத்தில் சேர்த்தி என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. நூறு வருஷமாகச் சட்டம் இருந்தும் விதிகளே எழுதாமல் வைத்திருந்த அரசைக் கண்டித்துவிட்டு, தற்காலிகமாகச் சில நெறிமுறைகளை நீதிமன்றமே வகுத்தது. ஒட்டுக்கேட்க முன்கூட்டியே நீதிபதியின் அனுமதி வேண்டும் என்று பி.யு.சி.எல். கேட்டதை மட்டும் கொடுக்கவில்லை, சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றது. நான் பார்த்தவரை இந்தக் கதையின் திருப்பம் அதுதான். அன்று கொடுத்திருந்தால் இன்று எழுத ஒன்றும் இருந்திருக்காது.

அந்த நெறிமுறைகள் 2007-இல் 419-ஏ என்ற விதியாகி, இப்போது 2024 விதிகளாக உருமாறியிருக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், உத்தரவு போடுபவர் மத்தியில் உள்துறைச் செயலர், மாநிலத்தில் உள்துறைச் செயலர். ஓர் உத்தரவு 60 நாள், நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக் கூடாது. தொலைதூர இடம், அவசரம் என்றால் மாநிலத்தில் ஐ.ஜி. தகுதிக்குக் குறையாத அதிகாரி முதலில் ஒட்டுக்கேட்கச் சொல்லிவிட்டு அப்புறம் அனுமதி வாங்கலாம். ஏழு வேலை நாளில் அனுமதி வராவிட்டால் நிறுத்த வேண்டும், கேட்டதைச் சாட்சியமாகப் பயன்படுத்தக் கூடாது, பிரதிகளை அழிக்க வேண்டும். ஏழு வேலை நாள் என்றால் இடையில் ஒரு சனி ஞாயிறாவது வரும். ஒன்பது நாள் பேச்சை யாரோ கேட்டு முடித்த பிறகு டேப்பை அழிக்கலாம், கேட்டவர் தலையிலிருந்து எதை அழிப்பது?

இவை எல்லாவற்றையும் சரிபார்க்க ஒரு மறுஆய்வுக் குழு உண்டு. மத்தியில் கேபினட் செயலர், சட்டச் செயலர், தொலைத்தொடர்புச் செயலர் என மூவர். மாநிலத்தில் தலைமைச் செயலர், சட்டச் செயலர், உள்துறை அல்லாத இன்னொரு செயலர். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். போலீஸ் கேட்கிறது, ஐ.ஏ.எஸ். அனுமதிக்கிறது, இன்னும் மூத்த ஐ.ஏ.எஸ். சரிபார்க்கிறது. நீதிபதி இல்லை, எம்.பி. இல்லை, வெளியாள் ஒருவர்கூட இல்லை. தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்துகிற ஏற்பாடு.

சரி, திருத்தவாவது நேரம் இருக்கிறதா? தகவல் உரிமைச் சட்டத்தில் கிடைத்த பதிலை வைத்து, மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 உத்தரவு போடுகிறது என்று 2014-இல் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் லா சென்டர் அமைப்பின் அறிக்கை சொன்னது. 2018-இல், தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு, மறுஆய்வுக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டிய நிலை என்று எழுதி, இது நடக்கிற காரியமில்லை என்றது. நான் பில்லிங்கில் இருந்தவன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று செயலர்களும் வேறு வேலை எல்லாம் விட்டு, டீ குடிக்காமல், ஒரு நாள் முழுக்க எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 28,800 விநாடி. 15,000 உத்தரவு. ஒன்றுக்கு இரண்டு விநாடிகூட வரவில்லை. பெயரையும் எண்ணையும் வாசித்து முடிக்கவே அது போதாது, காரணம் சரியா என்று எங்கே யோசிப்பது.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் விசித்திரமாகப் பட்டது. உங்கள் போனை ஒட்டுக்கேட்டார்கள் என்பது உங்களுக்கு எப்போது தெரியும்? உத்தரவு ரகசியம். ஆறு மாதம் முடிந்த பிறகும் சொல்ல மாட்டார்கள். பத்து வருஷம் கழித்தும் சொல்ல மாட்டார்கள். அரசே அதை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைத்தால்தான் தெரியும், அதாவது உங்கள் மேல் வழக்கு வந்து, குற்றப்பத்திரிகையோடு பேச்சின் எழுத்துப் படியைக் கையில் கொடுத்தால். அதனால் என்ன ஆயிற்று என்றால், இந்திய டேப்பிங் சட்டத்தின் முக்கியமான தீர்ப்புகளில் பலவற்றை வாங்கிக் கொடுத்தவர்கள் லஞ்ச வழக்கில் மாட்டியவர்கள்.

ஆரம்பமே பம்பாயில்தான். 1964-இல் அங்கே சந்தேக மரணங்களை விசாரிக்கும் கரோனர் பதவியில் இருந்தவர் ஒரு டாக்டரிடம் லஞ்சம் கேட்டதாக வழக்கு. லஞ்ச ஒழிப்புப் போலீஸ், இடையில் பேசிய இன்னொரு டாக்டரின் சம்மதத்தோடு, அவர் போனில் டேப் ரெக்கார்டரை இணைத்துப் பதிவு செய்தது. உச்ச நீதிமன்றம் 1972-இல் பதிவு செல்லும் என்றது, அதோடு சட்டவிரோதமாகக் கிடைத்த சாட்சியமாகவே இருந்தாலும் வழக்குக்குப் பொருத்தமானதாக இருந்தால் ஏற்கலாம் என்ற கோட்பாட்டையும் சேர்த்துச் சொன்னது. அந்த ஒரு வரியை அரசு வக்கீல்கள் ஐம்பது வருஷமாகக் கையிலேயே வைத்திருக்கிறார்கள்.

2019 அக்டோபரில் அதே மும்பையில், உயர் நீதிமன்றம் எதிர்ப்பக்கம் போனது. கடன் விஷயமாக வங்கி அதிகாரிக்கு லஞ்சம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு தொழிலதிபர், தன் போனை ஒட்டுக்கேட்ட மூன்று உத்தரவுகளை எதிர்த்தார். நீதிபதிகள் ரஞ்சித் மோரே, என்.ஜே. ஜமாதார் அமர்வு அந்த முதல் படியைக் கேட்டது. பொது நெருக்கடி எங்கே, பொதுமக்கள் பாதுகாப்புக்கு என்ன ஆபத்து? இரண்டும் இல்லை. மூன்று உத்தரவும் ரத்து, பதிவுகளை அழிக்கச் சொன்னது. இந்தத் தீர்ப்புக்குப் பின்னால் 2017 ஆகஸ்ட் 24-இன் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பு இருந்தது, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்ன புட்டசாமி வழக்கு. அந்த புட்டசாமி நம்ம பெங்களூர்க்காரர். கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்று, ஆதாரை எதிர்த்து 2012-இல் தன் பேரில் வழக்குப் போட்டபோது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. 2024 அக்டோபரில் காலமானார்.

அப்புறம் 2025. ஒரே வாரத்துக்குள் இரண்டு நகரம், இரண்டு தீர்ப்பு. ஜூன் கடைசியில் டெல்லி உயர் நீதிமன்றம், நீதிபதி அமித் மகாஜன், ஓர் அரசுக் கட்டுமான ஒப்பந்தத்தில் லஞ்சம் என்ற வழக்கில், பெரிய அளவு ஊழல் நாட்டின் பொருளாதாரத்தையே பாதிக்கும், அதனால் அது பொதுமக்கள் பாதுகாப்புக்குள் வரும், ஒட்டுக்கேட்டது செல்லும் என்றார். ஜூலை 2-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், வருமானவரி அதிகாரிக்கு லஞ்சம் என்ற வழக்கில் 2011-இல் போட்ட உத்தரவை ரத்து செய்தார். குற்றத்தைக் கண்டுபிடிக்க ரகசியமாகக் காது வைப்பதற்கு இந்தப் பிரிவு இடம் தரவில்லை, வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தட்டும், நீதிமன்றம் வார்த்தைகளை இழுத்து நீட்ட முடியாது என்பது அவர் நிலை. உத்தரவும் பதிவுகளும் விதிப்படி மறுஆய்வுக் குழு முன் வைக்கப்படவில்லை என்பதும் அதில் வெளிவந்தது. பதினாலு வருஷம் கழித்து.

டெல்லித் தீர்ப்பு எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஊழல்வாதி தப்பக் கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 'பெரிய ஊழல்' பொதுமக்கள் பாதுகாப்பு என்றால், எத்தனை கோடியிலிருந்து பெரியது? அதற்கு அளவுகோல் கிடையாது. முதல் படியைத் தேய்த்துத் தரையாக்கிவிட்டால் அப்புறம் அது படியே இல்லை. இரண்டு உயர் நீதிமன்றங்களும் நேர் எதிராகச் சொல்லியிருப்பதால் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னால்தான் குழப்பம் தீரும்.

இனி சித்தப்பாவின் வாட்ஸ்அப்புக்கு வருவோம், இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வாட்ஸ்அப் அழைப்பு இரு முனையிலும் பூட்டிப் போகிறது, நடுவில் பிடித்தால் குப்பைதான் கிடைக்கும். தொழில்நுட்பப்படி சித்தப்பா சரி. சட்டப்படி பார்த்தால் அவர் கெட்டியான வேலியிலிருந்து லேசான வேலிக்கு மாறியிருக்கிறார். கணினி வழிச் செய்திகளுக்குப் பொருந்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு. மும்பையும் சென்னையும் பிடித்துக்கொண்ட அந்த முதல் படி, பொது நெருக்கடி அல்லது பொதுமக்கள் பாதுகாப்பு, இதில் கிடையவே கிடையாது. போதாததற்கு "எந்தக் குற்றத்தையும் விசாரிக்க" என்ற காரணம் வேறு சேர்ந்திருக்கிறது. பூட்டைத் திறந்து கொடுக்க உதவாவிட்டால் ஏழு வருஷம் வரை சிறை. 2018 டிசம்பர் 20-இல் உள்துறை அமைச்சகம் இந்தப் பிரிவின் கீழ் பத்து ஏஜென்சிகளுக்கு அதிகாரம் கொடுத்தது, அதில் உளவு அமைப்புகளான ஐ.பி., ரா, அப்புறம் சி.பி.ஐ.யோடு நேரடி வரிகள் வாரியமும் டெல்லி போலீஸ் கமிஷனரும் உண்டு.

வாட்ஸ்அப்பின் பூட்டையே உடைக்கும் முயற்சியும் நடந்தது. அதன் ஒரு வேர் சென்னையில் இருக்கிறது. 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த ஒரு பொதுநல வழக்கில், முதலில் செய்தியை அனுப்பியவர் யார் என்று ஒவ்வொரு செய்தியோடும் அடையாளம் ஒட்டி அனுப்பலாம் என்று ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி யோசனை சொன்னார். 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில் அதே எண்ணம் கட்டாயமாக நுழைந்தது, வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது, பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டுப் போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அவர்கள் வக்கீல் வாதாடினார்.

வழியில் பிடிக்க முடியாவிட்டால் வீட்டுக்குள்ளேயே ஆள் வைப்பது, அதுதான் பெகாசஸ் மாதிரி உளவு மென்பொருள். 2021 ஜூலையில் விவகாரம் வெடித்தது, உச்ச நீதிமன்றம் நீதிபதி ரவீந்திரன் மேற்பார்வையில் குழு போட்டது. 29 போன்களை ஆராய்ந்து ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருக்கிறது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது குழு. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்பதையும் 2022 ஆகஸ்ட்டில் தலைமை நீதிபதி ரமணா நீதிமன்றத்திலேயே சொன்னார்.

ஆனால் இவை எல்லாம் பெரிய மனிதர்கள் விஷயம். சித்தப்பா மாதிரி ஆட்கள் உண்மையில் பயப்பட வேண்டியது சி.டி.ஆர். என்கிற அழைப்புப் பதிவைப் பற்றித்தான். பேச்சு இருக்காது. வெறும் எக்செல் தாள்: யார் எண், யாருக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை விநாடி, போன் கருவிக்கே உரிய ஐ.எம்.இ.ஐ. எண், அழைப்பு தொடங்கியபோது எந்த டவர், முடிந்தபோது எந்த டவர். சலிப்பூட்டுகிற தாள்தான், பில்லிங்கில் இருந்தபோது ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரே எண்ணின் மூன்று மாதத்தை வரிசையாக வைத்துப் படித்தால் கதை தானாக எழுந்து நிற்கும். ஒருவர் தினமும் காலை ஆறு மணிக்கு அல்சூர் டவரில் இருக்கிறார். மூன்று செவ்வாய்க்கிழமை தொடர்ந்து காலை எட்டரையிலிருந்து மதியம் வரை ஓசூர் ரோட்டில் கிட்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரிப் பக்கத்து டவர். இரண்டாவது செவ்வாய்க்கிழமை மாலை ஒரு லேப் எண்ணிலிருந்து 14 விநாடி அழைப்பு. அடுத்த நிமிஷம் துபாயில் இருக்கும் மகனுக்கு 41 நிமிஷம். அப்புறம் நாலு நாள் யாருக்கும் அழைப்பில்லை. இதற்கு மேல் பேச்சைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன?

இந்தத் தாளுக்கு உள்துறைச் செயலர் கையெழுத்து வேண்டாம். மறுஆய்வுக் குழு கிடையாது. முதல் படி, இரண்டாவது படி எதுவும் கிடையாது. ஆவணம் கொண்டுவரச் சொல்கிற சாதாரண அதிகாரத்தில் போலீஸ் வாங்கலாம், புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 94-ஆம் பிரிவு. 2013-இல் டெல்லியில் பா.ஜ.க. தலைவர் அருண் ஜேட்லியின் பதிவையே ஒரு கான்ஸ்டபிள் முறைகேடாக எடுத்தது தெரிந்த பிறகுதான், எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரி வழியாகத்தான் கேட்க வேண்டும் என்று உள்துறை இறுக்கியது. இறுக்கியும் 2018-இல் மும்பைக்குப் பக்கத்தில் தாணே போலீஸ், இந்தத் தாள்களை விலைக்கு வாங்கி விற்ற தனியார் துப்பறிவாளர்களைப் பிடித்தது. கணவன் மனைவி சந்தேகம், கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை விசாரணை, இதற்கெல்லாம்கூட.

2020 தொடக்கத்தில் இன்னொரு கூத்து. பல மாநிலங்களில் குறிப்பிட்ட சில நாட்களுக்கு ஒரு பகுதியில் இருக்கும் எல்லோருடைய பதிவையும் மொத்தமாகக் கொடு என்று தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளைக் கேட்டது. டெல்லியில் கேட்டது பிப்ரவரி 2, 3, 4, தேர்தலும் போராட்டங்களும் சூடாக இருந்த நாட்கள். கம்பெனிகளின் சங்கமே எழுத்தில் முறையிட்டது. அழைப்புகள் பாதியில் அறுந்துபோகிறதா என்று சோதிக்கத்தான் என்று அரசு சொன்னது. லைன் சரியா இருக்கான்னு பார்க்கத்தான் மாட்டுவோம் என்று சித்தப்பா சொன்னது ஞாபகம் வருகிறதா?

2021 டிசம்பரில் உரிம நிபந்தனையைத் திருத்தி, இந்தப் பதிவுகளை ஒரு வருஷத்துக்குப் பதில் இரண்டு வருஷம் வைத்திருக்கச் சொன்னார்கள். 2024 நவம்பரில் வந்த தொலைத்தொடர்பு இணையப் பாதுகாப்பு விதிகள், செய்தியின் உள்ளடக்கம் தவிர்த்த தரவு எதையும் கம்பெனியிடம் கேட்க அரசுக்கு வழி செய்துவிட்டன. 2025 நவம்பர் கடைசியில் எல்லாப் புதுப் போனிலும் அரசின் சஞ்சார் சாத்தி செயலியை ஏற்றியே விற்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது. நாடே கத்தியதும் ஒரு வாரத்துக்குள் கட்டாயத்தை விலக்கிக்கொண்டார்கள். செயலியை எதிர்த்துக் கத்த முடிந்தது, ஏனென்றால் அது திரையில் தெரியும். விதிகள் திரையில் தெரிவதில்லை.

சொல்லிவிட்டால் குற்றவாளி உஷாராகிவிடுவானே என்பார்கள். நடக்கும்போது சொல்ல வேண்டாம், முடிந்த பிறகு சொல்லலாம். அமெரிக்காவில் குற்ற வழக்குக்காக ஒட்டுக்கேட்க நீதிபதி அனுமதி வேண்டும், முடிந்த பிறகு பொதுவாக 90 நாளுக்குள் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும், தள்ளிப்போட வேண்டுமென்றால் நீதிபதியிடம் காரணம் சொல்ல வேண்டும். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் மகாராஷ்டிரத்தைப் பாருங்கள். தாதாக்களை ஒடுக்க 1999-இல் போட்ட மகோகா கடுமையான சட்டம், யாரும் அதை மனித உரிமை சாசனம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அதில்கூட, ஒரு வருஷத்தில் எத்தனை ஒட்டுக்கேட்பு அனுமதிகள் என்று ஆண்டறிக்கை தயாரித்துச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. தாதாவை ஒட்டுக்கேட்டால் சட்டமன்றத்துக்குக் கணக்கு, மற்றவர்களை ஒட்டுக்கேட்டால் கணக்கே கிடையாது. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் எழுதும்போது அந்த ஒரு பத்தியைப் பார்த்து எழுதியிருக்கலாம்.

இத்தனையும் சித்தப்பாவிடம் அரை மணி நேரம் விளக்கினேன். காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. எல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"அப்ப என் போன் டேப் ஆச்சா, இல்லியா?"

"தெரியாது சித்தப்பா."

"எப்பதான் தெரியும்?"

"உங்க மேல லஞ்சக் கேஸ் வந்தா தெரிய வாய்ப்பு இருக்கு."

கொஞ்ச நேரம் யோசித்தார். "ரிட்டயர் ஆகிப் பதினெட்டு வருஷம் ஆச்சு. இனிமே எனக்கு எவன்டா லஞ்சம் குடுப்பான்?" என்று சொல்லிக்கொண்டே தரகர் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.